தறிக்கு மேலே ஒரு செடிக் கடை

பூ விற்பவளிடம் பூ எப்போது வாடும் என்று யாரும் கேட்பதில்லை. செடி விற்பவளை மட்டும், செடி வாடினால் வீடு தேடி வந்து உலுக்குவார்கள். "சும்மா பொழுதுபோக்குக்குத்தான்" என்று மொட்டை மாடியில் நாலு தொட்டி வைத்து, பிறகு அதுவே பிழைப்பாகிப்போன என் சக பாவிகளே, நீங்கள் பட்டதையெல்லாம் நானும் பட்டிருக்கிறேன். உங்களைவிடக் கூடுதலாகவும் ஒன்று பட்டேன். என் செடிகளுக்கு நேர் கீழே ஒரு பட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது.

செல்போன் என்பது நகைக்கடை முதலாளிகளின் சட்டைப்பையில் மட்டும் இருந்த காலம். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் நாங்கள் குடியிருந்தோம். முன்கட்டில் ஹவுஸ் ஓனர் ஏகாம்பரம் அண்ணனும் அவர் மனைவி சரசக்காவும். முன்கூடத்தில் அவருடைய தறி. மாடிப்படி அந்தக் கூடத்திலிருந்துதான் ஏறும். என் கணவருக்கு வாலாஜாபாத்தில் அரிசி மில்லில் வேலை. அந்த மில் ஒரு வாரம் ஓடும், ஒரு வாரம் படுக்கும். படுக்கிற வாரங்களில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது என் செடிகளால்தான். மாடி போனால் செடி போகும். செடி போனால் சோறு போகும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வாடகைக்கு இல்லாதவர்

முதலில் நான் வளர்த்தது ரோஜா. தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினால் பாதி வேருக்குப் போகும், மீதி தளத்துக்குப் போகும். பழைய காலத்துச் சுண்ணாம்புத் தளம், விரிசலுக்குப் பஞ்சமில்லை. ஒரு நாள் காலையில் அந்த விரிசல் வழியாக ஒரு சொட்டு இறங்கி, தறியில் நீட்டிக் கட்டியிருந்த பாவின் மேல் விழுந்தது. பாவு என்றால் புடவையின் நீளவாக்கு இழைகள். அதில் ஈரம் பட்டால் கறை நிற்கும், கறை நின்றால் புடவை நிற்காது. ஏகாம்பரம் அண்ணன் கத்தவில்லை. மாடிக்கு வந்தார், ஒரு ரோஜாத் தொட்டியைத் தூக்கினார், கொண்டுபோய்த் தெரு நடுவில் வைத்தார். திரும்பி வந்து அடுத்த தொட்டியைத் தூக்கினார். எதிரே வந்த ஆட்டோக்காரர்கள் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள்.

நான் அழுது, சரசக்கா நடுவில் வந்து, கடைசியில் ஒரு தீர்ப்பு ஆனது. செடி இருக்கலாம், ஆனால் ஒரு சொட்டு கீழே வரக் கூடாது. வந்தால் அன்றைக்கே மாடி காலி. எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "மழை பேஞ்சாலும் ஒழுகத்தானே செய்யுது, அண்ணே? அதுக்கு மட்டும் தார்ப்பாய் கட்டிக்கிறீங்களே?" என்று கேட்டேன். அவர் தறியை விட்டு நிமிராமலே சொன்னார்:

"அது பகவான் ஊத்துறது. அவரு எங்கிட்ட வாடகைக்கு இல்ல."

பேர் வாயில் நுழையாத செடி

தண்ணீர் சிந்தாத செடி உலகத்தில் உண்டா என்று ஊரெல்லாம் கேட்டேன். கள்ளி வை என்றார்கள். கள்ளியை வைத்தால் மாடி மட்டுமல்ல, வீடே காலியாகும். அப்போதுதான் பெங்களூரிலிருந்து வந்த என் நாத்தனார் ஒரு செடியைக் கொண்டுவந்து கொடுத்தாள். பேர் புரோமிலியாட். அன்னாசிக்குச் சொந்தக்காரச் செடி. இலைகள் ஒன்றோடொன்று நெருங்கி நடுவில் டம்ளர் மாதிரி ஒரு குழி. தண்ணீரை அந்தக் குழியில் ஊற்றினால் போதும், அங்கேயே தங்கும். தொட்டியில் மண்கூடக் கிடையாது. தேங்காய் மட்டைத் துண்டும் அடுப்புக்கரியும்தான். பச்சை இலையில் வெள்ளைக் கோடு, சிலதில் மஞ்சள், வெயில் பட்டால் ரோஸ். பார்த்தவுடன் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

ஏகாம்பரம் அண்ணன் லேசில் நம்பவில்லை. மேலே செடியை வைக்கச் சொல்லி, குழி வழிய வழியத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, கீழே தறிக்குப் பக்கத்தில் பாய் போட்டு மல்லாந்து படுத்து, மத்தியானம் முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொட்டு வரவில்லை, தூக்கம்தான் வந்தது. சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. "சொட்டாத வரைக்கும் இருந்துட்டுப் போவட்டும்" என்று எழுந்து போனார். ஒன்று நாலாகி, நாலு பெருகி, மாடி கொள்ளாமல் ஆனது. வாங்க வந்தவர்களுக்கு அது குரோட்டன்ஸ். கலராக இலை இருந்தால் நம் ஊரில் எல்லாமே குரோட்டன்ஸ்தானே. அன்னாசி ஜாதி என்று நான் வாய்தவறிச் சொன்னவர்கள் மட்டும் பழம் எப்போது வரும் என்று விடாமல் கேட்டார்கள். வராது, சமையலுக்கும் ஆகாது, மருந்துக்கும் ஆகாது, தலையிலும் வைக்க முடியாது என்று நான் ஒருத்தருக்கு விளக்குவதைக் கேட்டுக்கொண்டிருந்த சரசக்கா, அவர் போன பிறகு என்னிடம் சொன்னார்:

"பழமும் வராதுன்ற, கொழம்புக்கும் ஆவாதுன்ற, அதுக்கே துட்டு குடுத்துட்டு சிரிச்சிக்கினு போறாங்க. நீ பொழைச்சுக்குவமா."

குளத்துக்குள் இருப்பவர்

சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு மாமி வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பெருமாளுக்குச் சாத்த ஒரு அபூர்வமான பூ வேண்டுமாம். இந்தச் செடி பூக்கும் என்று சொன்னேன். எப்படிப் பூக்கும் என்று அவர் கேட்கவில்லை, நானாகச் சொல்லவும் இல்லை. வியாபாரி வாயால் கெட்டதாக எங்கும் சரித்திரம் இருக்கக் கூடாது பாருங்கள்.

நான் கொடுத்த ரகம் பூப்பது, அந்த நடுக்குழியின் தண்ணீருக்குள்ளே. குட்டியூண்டு ஊதாப் பூ. மேலே தலை நீட்டவே நீட்டாது. பறிக்க வேண்டுமானால் மணிக்கட்டு வரை கையை விட வேண்டும், இலை விளிம்பு முழுக்க ரம்பம் மாதிரி முள். பூத்ததும் மாமி செய்தி சொல்லி அனுப்பினார். அர்ச்சனை எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டே போனேன். மாமியின் வலது கை முழுக்கக் கீறல், அதன்மேல் மஞ்சள். செடி பூஜை அறை வாசலில் கோலத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவர் சொன்னார்:

"எங்க அத்தி வரதரே குளத்துக்குள்ளதான் படுத்துண்டிருக்கார். அவரை யாராவது கையை விட்டு எடுக்கறாளா? இதுவும் அங்கேயே இருக்கட்டும், நான் நின்ன இடத்துலேர்ந்தே சேவிச்சுக்கறேன்."

சாயம் போச்சு

காந்தி ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த முதலாளி ஒருவர், புதிதாக ஏ.சி. போட்ட ஷோரூமுக்கு அலங்காரமாக ரோஸ் கோடு போட்ட செடிகளை வாங்கிப் போனார். வாங்கும்போதே என்னைக் கதிகலங்க வைத்தார். மாடிக்குப் போகிற வழியில் தறிக்குப் பக்கத்தில் நின்று, ஏகாம்பரம் அண்ணன் நெய்துகொண்டிருந்த புடவையின் கரையை விரலால் நிமிண்டி, "ஜரிகை கொஞ்சம் கம்மியா?" என்று கேட்டுவிட்டார். அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. என் வாடிக்கையாளர்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நடப்பதும், நெய்கிற புடவைக்குக் கருத்துச் சொல்வதும் அவருக்கு ஆகவே ஆகாது. சொட்டு விழாததால் என்னை அனுப்ப வழியில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பூராவும் தறிச் சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

இரண்டே மாதத்தில் முதலாளி ஒரு செடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தார். ரோஸ் முழுக்கப் போய்ப் பச்சையாகிவிட்டது. வெளிச்சம் போதாவிட்டால் அப்படித்தான் ஆகும். அவர் என்னைப் பேசவே விடவில்லை. பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, குழித் தண்ணீரில் நனைத்து, என் கண் முன்னால் இலையைத் தேய்த்தார். காஞ்சிபுரத்தில் புடவையின் சாயத்துக்கு வைக்கிற அதே சோதனை. கைக்குட்டையில் ஒன்றும் ஒட்டவில்லை. அதில் அவருக்கு இன்னும் கோபம். ஒட்டாத சாயம் எங்கே போனது என்று கேட்டார். நல்ல வெயிலில் வைத்தால் நிறம் தானாகத் திரும்பும் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவர் சொன்னது:

"வெயில்ல வெச்சா கலர் வரும்ன்றியேமா. வெயில்ல வெச்சா கலர் போயிடும்னு சொல்லிக்கினுதான நாங்க மூணு தலைமுறையா பொடவ வித்துக்கினு இருக்கறோம்?"

முசரவாக்கத்துப் பஞ்சாயத்து

இந்தச் செடிக்கு இன்னொரு குணம் உண்டு. வாழை மாதிரி, ஒரு முறைதான் பூக்கும். பூத்து முடிந்ததும் தாய்ச்செடி மெல்லக் காய்ந்துபோகும். அடியில் குட்டிகள் கிளம்பியிருக்கும். நான் பிழைப்பதே அந்தக் குட்டிகளால்தான். மேரி டீச்சர் என்று ஒருவர், மகளைக் கட்டிக்கொடுத்த முசரவாக்கத்து வீட்டுக்கு, மஞ்சள் கோடு போட்ட செடி ஒன்றைச் சம்பந்தியம்மாவுக்கு மரியாதையாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். அது பூத்தது. பிறகு தாய் காய ஆரம்பித்தது. "பூத்ததும் செத்துப்போற செடியைத் தேடிப் பிடிச்சு எனக்குக் குடுத்திருக்காங்களே, என்ன அர்த்தம்?" என்று சம்பந்தியம்மா கேட்டு அனுப்பியிருந்தார். மகள் அப்போது மாசமாக இருந்தாள். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழாத குறை.

டீச்சரையும் கூட்டிக்கொண்டு பஸ் பிடித்து முசரவாக்கம் போனேன். சம்பந்தியம்மா வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். செடியைத் தரையில் வைத்து, காய்ந்த இலைகளை விலக்கி, அடியில் ஒட்டிக்கொண்டிருந்த குட்டிகளைக் காட்டினேன். செடி சாகவில்லை, குடும்பம் பெருகுகிறது, வீட்டுக்கு இது நல்ல சகுனம் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். டீச்சர் "ஆமென்" சொல்லாதது ஒன்றுதான் குறை. அந்தம்மா குட்டிகளைப் பார்த்தார், மருமகளின் வயிற்றைப் பார்த்தார், கடைசியாகச் சம்பந்தியைப் பார்த்துச் சொன்னார்:

"உங்க பொண்ணு பெத்துக் குடுக்கறதையும் நான்தான் வளக்கணும், உங்க செடி பெத்துப் போட்டதையும் நான்தான் வளக்கணுமா, டீச்சரம்மா?"

காசு கொடுக்காத வாடிக்கையாளர்கள்

கோயில் பக்கமிருந்து குரங்குகள் வரும். தாகத்துக்கு என் செடிகள் அவற்றுக்குத் தண்ணீர்ப் பந்தல். வரிசையாக உட்கார்ந்து, தலையைக் குனிந்து, குழிகளில் உறிஞ்சிக் குடிக்கும். ஒரு தொட்டியைக் கவிழ்த்தால் என் கதை முடிந்தது என்று நான் தடியோடு நடுங்கிக்கொண்டு நிற்பேன். விரட்டினால் பயத்தில் தட்டிவிடுமோ என்று விரட்டவும் மாட்டேன். மில் படுத்திருந்த ஒரு வாரம் என் கணவர் என் பக்கத்தில் நின்று அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வாங்கின செடியத் திருப்பிக் குடுக்க வராத ஒரே பார்ட்டி இதுங்கதான். மரியாதையா நடந்துக்க."

புகார் கொடுத்தவர்

ஒரு மழைக்காலத்து முடிவில் ஊரெல்லாம் காய்ச்சல். கொசு ஒழிப்பு ஆட்கள் வீடு வீடாக ஏறினார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் நேராக மாடிக்கு ஏறினார், வழி கேட்காமலே. டார்ச்சை ஒரு குழிக்குள் அடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே கொசுப்புழுக்கள் தலைகீழாகத் துள்ளிக்கொண்டிருந்தன. அவர் தன் ஆளைப் பார்த்து, எல்லாத் தொட்டியையும் கவிழ்த்துவிடச் சொன்னார். சொன்னது சட்டப்படி சரி. ஆனால் அத்தனை குழித் தண்ணீரும் தளத்தில் கொட்டினால்? கீழே தறியில் முகூர்த்தப் புடவை, அரக்கு உடலில் பச்சைக் கரையைத் தனியாகக் கோத்து நெய்கிற கோர்வை, முந்தானை பாதியில். சொட்டு இல்லை, அருவியே இறங்கும். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். என் பிழைப்பு அந்த ஆளின் கையில் சாய்ந்துகொண்டிருந்தது.

அப்போது படியில் தடதடவென்று சத்தம். ஏகாம்பரம் அண்ணன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "யோவ், கவுக்காதய்யா! கீழ பாவு இருக்குது!" என்று கத்திக்கொண்டே வந்து தொட்டிக்கும் அந்த ஆளுக்கும் நடுவில் நின்றார். அதிகாரி குழம்பிப்போய் அவரைப் பார்த்தார். "இன்னா சார் இது? மாடில ஒரே கொசு, செடியெல்லாம் எடுக்க வைங்கன்னு நீங்கதான வந்து சொன்னீங்க?" என்றார். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. சரசக்கா மட்டும் படியில் நின்றுகொண்டு அவரை நன்றாகப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வயிற்றில் அடிக்கப் பார்த்தாரே என்று வலித்தது, அவ்வளவுதான்.

கவிழ்க்கக் கூடாது, தண்ணீரும் இருக்கக் கூடாது. அண்ணன் தோள் துண்டை எடுத்தார். ஒரு செடியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துண்டைக் குழிக்குள் விட்டு ஊறவைத்து, வாளியில் பிழிந்தார். அடுத்த செடி. அதற்கடுத்தது. நான் எதிர்வரிசையிலிருந்து என் பழைய தாவணித் துணியோடு ஆரம்பித்தேன். முள் கீறிக் கீறி அவர் கை மாமியின் கை மாதிரி ஆனது. வாளி நிறைந்ததும் வேறு யாரிடமும் கொடுக்காமல் தானே தூக்கி, தறியைத் தாண்டும்போது மூச்சைக்கூட விடாமல், கும்பாபிஷேகத் தீர்த்தம் சுமக்கிற மாதிரி கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. வாரா வாரம் இப்படிச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் செடிகளை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு அதிகாரி போய்விட்டார்.

அண்ணன் துண்டை உதறிக்கொண்டே, இப்போது தொட்டிகளை இறக்கினால் படியில் ஈரம் சிந்தும், இந்தப் புடவை முடியட்டும், தறி காலியானதும் எல்லாவற்றையும் இறக்கிவிடு என்றார். சொன்ன சொல் மாறாத மனிதர். அன்றைக்கு நான் சமைக்கவில்லை, அழுதேன். என் கணவர் மில்லிலிருந்து வந்து பழையதைப் பிழிந்து எனக்கும் போட்டார்.

புடவை முடிந்து அறுத்த நாளில், தொட்டிகளைக் கட்டக் கோணிப்பைகளோடு கூடத்துக்குப் போனேன். தறியில் இரண்டு பேர் உட்கார்ந்து பாவு பிணைத்துக்கொண்டிருந்தார்கள். பழைய பாவின் இழை முனைகளைத் தறியிலேயே விட்டுவைத்து, அடுத்த பாவின் இழைகளை அதோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கிற வேலை. ஒரு புடவை இறங்குவதற்குள் அடுத்தது தறியில் ஏறிவிடுகிறது. நான் கோணிப்பையைப் பிடித்தபடி, "அண்ணே, தறி காலியாயிடுச்சா?" என்று கேட்டேன். பிணைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். சரசக்கா "அய்யய்யோ, அப்படி கேக்காதமா" என்று தலையில் அடித்துக்கொண்டார். நெசவாளி வீட்டில் கேட்கவே கூடாத கேள்வியாம் அது, தறி காலி என்றால் பிழைப்பே காலி என்று அர்த்தமாம். ஏகாம்பரம் அண்ணன் கூரையைப் பார்த்தார், புதுப் பாவைப் பார்த்தார். தான் சொன்னதற்குள் தானே மாட்டிக்கொண்டது அப்போதுதான் அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். பிறகு ஆணியில் மாட்டியிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மாடிப்படியில் கால் வைத்தார்:

"எந்தத் தறிக்காரன் ஊட்டுலமா தறி காலியாவுது? வாளிய எட்த்துக்கினு வா, வாரம் ஆயிடுச்சி."

செடி வளர்க்க வெயில் வேண்டும், தண்ணீர் வேண்டும் என்று எல்லாப் புத்தகத்திலும் போடுகிறார்கள். வாடகை வீட்டில் வளர்ப்பதற்குச் சொன்ன சொல் மாறாத ஒரு முன்கோபி ஹவுஸ் ஓனரும் வேண்டும் என்பதை மட்டும் ஒருத்தரும் போடக் காணோம்.